அப்பா இங்கிலீஷில் பேசத் தொடங்கிய பிறகு

1

நான் படித்த கல்லூரியில் இப்போது கடைசி வருடம் படிக்கும் ஒரு பெண் சென்ற வாரம் செய்தி அனுப்பியிருந்தாள். அவளும் கீரனூர்ப் பக்கம்தான். என்னைப் போலவே தமிழ்வழியில் படித்தவள். வேலைக்கான நேர்காணல் நெருங்குகிறதாம். “அக்கா, இங்கிலீஷ் சரளமாப் பேச என்ன செய்யணும்? கதையெல்லாம் வேணாம், பாயின்ட் பாயின்ட்டாச் சொல்லுங்க” என்று கேட்டிருந்தாள்.

பட்டியல் போடுவது எனக்குக் கைவந்த வேலை. இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு சிறு நகரத்தில், நீரேற்று நிலையங்களின் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளராக இருக்கிறேன். ஒரு படியைத் தாண்டிவிட்டால் கருவி தவறான அளவைக் காட்டும். காட்டுகிறது என்பதும் நமக்குத் தெரியாது. அதனால் வீட்டுச் சாமான் முதல் மகளின் தடுப்பூசி வரை எல்லாவற்றையும் எண் போட்டு எழுதித்தான் பழக்கம். அவளுக்கும் எழுத உட்கார்ந்தேன்.

ஒன்று: தினமும் வாய்விட்டுப் பேசு. மனதுக்குள் பேசுவது கணக்கில் வராது.

இரண்டு: தனிச் சொற்களை மனப்பாடம் செய்யாதே. சொற்கள் எப்போதும் கூட்டமாகத்தான் வாயிலிருந்து வரும். அந்தக் கூட்டத்தோடு பழகு.

மூன்று: ஒரே விஷயத்தைப் பல பேரிடம் சொல். முதல் ஆளிடம் திக்கும், அடுத்தவரிடம் குறையும், அதற்கப்புறம் நாக்கு தானாக ஓடும்.

நான்கு: பாதி வாக்கியத்தில் இலக்கணம் பார்த்து நிற்காதே. முடித்துவிட்டு வெட்கப்படு.

ஐந்து என்று எண்ணை எழுதியதும் கை நின்றுவிட்டது. மேலே உள்ள நான்கையும் நான் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அவர் என் கணவர். அந்தக் கதையைத் தவிர்த்துவிட்டு இந்தப் பட்டியலை மட்டும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கதை வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள். இருந்தாலும் எழுதுகிறேன்.

2

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். என் பெயர் செலின். நாங்கள் கீரனூரை அடுத்த ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பெயரைக் கேட்டதும் இங்கே இருப்பவர்கள் நான் பிறந்ததிலிருந்தே ஆங்கிலம் பேசியவள் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஊரிலும் அதே கதைதான். “பேரப் பாத்தா கான்வென்ட்டுப் புள்ள மாதிரி இருக்கு” என்று கல்லூரி விடுதியில் எனக்கு முதல் நாளே மரியாதை கிடைத்தது. மறுநாள் நான் வாய் திறந்ததும் அது போய்விட்டது.

பள்ளியில் நான் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான். கட்டுரையைக் காற்புள்ளியோடு மனப்பாடம் செய்வேன். பேசச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கேள்வி கேட்டால், எனக்குள் ஒரு பெண் தமிழில் பதில் தயாரிப்பாள். இன்னொருத்தி அதை மொழிபெயர்ப்பாள். மூன்றாமவள் காலம், எண் எல்லாம் சரிபார்ப்பாள். இத்தனை பேர் வேலையை முடித்து நான் வாய் திறப்பதற்குள் பேராசிரியர் அடுத்த ஆளிடம் போயிருப்பார்.

அந்த மூன்று பேரும் எப்போது என்னை விட்டுப் போனார்கள் என்று எனக்கே தெரியாது. முதல் வேலையில் வாடிக்கையாளர்களோடு தினமும் தொலைபேசியில் ஒரே மாதிரியான பேச்சைப் பேசிப் பேசி ஒருத்தி போயிருக்க வேண்டும். இந்த ஊருக்கு வந்த புதிதில், கரண்ட் கம்பெனிக்கு போன் செய்து என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரின் வட்டார உச்சரிப்பு புரியாமல் நாலு தடவை மன்னிப்புக் கேட்டு, போனை வைத்ததும் குளியலறைக்குப் போய் முகம் கழுவிய நாட்களில் இன்னொருத்தி போயிருக்கலாம். ஒருநாள் வேலை வண்டியில் தனியாக இருக்கும்போது ஸ்பேனர் நழுவிக் காலில் விழுந்தது. “ஆவ்ச்” என்றேன். பக்கத்தில் யாரும் இல்லை. ‘அம்மா’ எங்கே போயிற்று என்று வலியையும் மறந்து யோசித்தேன்.

சரளம் என்பது இப்படித்தான் வருகிறது. வரும்போது அது கையோடு எதை எடுத்துக்கொண்டு போகிறது என்பது பிறகுதான் தெரிகிறது.

3

என் கணவர் ஆரோக்கியராஜ். கீரனூரில் திருச்சி ரோட்டில் டிராக்டர் பட்டறை வைத்திருந்தார். எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது நான் முதலில் வருவது, மகள் ஜெனிக்குப் பள்ளி வயது வந்ததும் அவளைக் கூட்டிக்கொள்வது, பிறகு அவர் வருவது என்று திட்டம். முதல் இரண்டும் நடந்தன. மூன்றாவது நின்றது. விசா விதிகளையெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் விசா வகைக்கு அவர் ஆங்கிலத்தில் பேசியும் கேட்டும் தேற வேண்டும். எதிரே ஒரு தேர்வாளர் உட்கார்ந்து கேட்பார். இவர் பேச வேண்டும். தேறினால் நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருப்போம். தேறாவிட்டால் இல்லை.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்த இணையதளம் அடுத்த பக்கத்துக்கே விடாது. அவருக்கு அப்படி ஒரு பெயரே கிடையாது. ஆரோக்கியராஜ் என்ற ஒரே பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, என் கேள்வியையே திருப்பி எழுதி, தங்கள் வலைத்தளத்தைப் பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது. அதைக்கூடச் சமாளித்துவிட்டோம். பேச்சைத்தான் சமாளிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் அவர் வாய் ஓயாத மனிதர். டிராக்டரை விட்டுவிட்டுப் போகலாம் என்று வருகிறவர்கள் அவர் பேச்சைக் கேட்டு மதியம் வரை பட்டறையில் உட்கார்ந்திருப்பார்கள். எந்த ஊர் வண்டி எங்கே கவிழ்ந்தது, யார் வீட்டு மாப்பிள்ளை ரிவர்ஸ் கியரில் மாமனார் வீட்டுச் சுவரை இடித்தான் என்பதையெல்லாம் குரல் மாற்றி, கை ஆட்டி, இடையில் நிறுத்திச் சிரிக்கவிட்டுச் சொல்வார். பெண் பார்க்க வந்தபோதே என் வீட்டில் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுப் போனவர். அவருக்குப் பேச வராது என்று சொன்னால் கீரனூரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

சனிக்கிழமை எனக்கு மதியமாகும்போது அவருக்குச் சாயங்காலம். பட்டறையிலிருந்தே வீடியோவில் வருவார். நான் பாடத்திட்டம் தயாரித்து வைத்திருப்பேன்.

“வாட் டிட் யூ டூ டுடே?” என்று தொடங்குவேன்.

“டுடே... ஐ... டுடே...”

பின்னாலிருந்து குரல் வரும். அவரோடு வேலை பார்க்கும் சேகர். “என்ன மச்சான், பீட்டர் விட ஆரம்பிச்சாச்சா? நான் டீ சொல்லட்டுமா, இல்ல டீக்கடைக்காரர்ட்ட நீயே இங்கிலீஷ்ல சொல்லிக்கிறியா?”

“எங்கப்பா பேரே பீட்டருதான்டா. நான் விடாம வேற எவன் விடுவான்?”

என் மாமனார் பெயர் உண்மையாகவே பீட்டர். இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதோடு அன்றைய ஆங்கிலம் முடிந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் பேசச் சொன்னேன். அங்கே என் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் மருமகள் பாடம் எடுப்பதைப் பார்க்கக் கூடிவிட்டார்கள். நம் பக்கத்தில் ஒருவன் ஆங்கிலம் தெரியாமல் இருந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பழகிப் பார்த்தால்தான் கேலி.

அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தால் நான் திருத்துவேன். ‘கோ’ இல்லை, ‘வென்ட்’. ‘இன்’ இல்லை, ‘அட்’. ஒருநாள் அவர் சொன்னார்: “நீ திருத்துறப்போ கையில புடிச்ச நட்டு கழண்டு விழுந்த மாதிரி இருக்கு செலினு. குனிஞ்சு தேடுறதுக்குள்ள என்ன சொல்ல வந்தேங்கிறதே மறந்துருது.”

4

முதல் தடவை சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, இல்லை, பேசிவிட்டு வந்தார். தேறவில்லை. எங்கே மதிப்பெண் போயிற்று என்று பகுத்துப் பார்க்க நான் ஒவ்வொரு கேள்வியாக விசாரித்தேன்.

“மொதல்ல என்ன கேட்டாங்க?”

“ஒங்க வேலையப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டாங்க அந்த மேடம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘ஸ்மால் வொர்க்ஷாப் மேடம்’னேன்.”

“அப்புறம்?”

“அம்புட்டுத்தான். அவங்க என்னயவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நானும் கொஞ்ச நேரம் பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டேன். சின்ன ரூமு வேறயா, கோயில்ல சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் சொல்ல வந்த மாதிரி ஆயிருச்சு. கேட்டதுக்கு மட்டும் பதில்.”

“வார்த்தை வரலையா? டிராக்டர், இன்ஜின், கிளட்ச், பம்ப்பு, எல்லாமே இங்கிலீஷ்தானே? அதையாவது சொல்லியிருக்கலாம்ல?”

“வார்த்தையெல்லாம் வந்துச்சு. ஒரு ஆபீசரு கேக்குறப்போ நான் அதுல கெட்டிக்காரன், இதுல கெட்டிக்காரன்னு அடுக்கிக்கிட்டே போனா நல்லாவா இருக்கும்? திமிரு புடிச்ச பயன்னு நெனைக்க மாட்டாங்க?”

எனக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

“சரி, இங்கிலீஷ விடுங்க. நான் இப்போ தாசில்தார். தமிழ்லயே கேக்குறேன். நீங்க பதில் சொல்லுங்க.”

“ம்.”

“ஒங்க தொழில் எப்படிப் போகுது?”

திரையில் அவர் முதுகு நிமிர்ந்து, கை இரண்டும் மடிக்கு வந்ததைப் பார்த்தேன். “ஏதோ ஓடுதுங்கம்மா.”

“எத்தனை வருசமாச் செய்யிறீங்க?”

“ரொம்ப வருசமாங்கம்மா.”

“இதுல எது கஷ்டமான வேலை?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லிங்கம்மா.”

இருவரும் சேர்ந்து வெடித்துச் சிரித்தோம். “தாசில்தாரு பாஸ் போட்டாரா?” என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். சிரிப்பு அடங்கியதும் எனக்குப் பயமாக இருந்தது.

ஆங்கிலம்தான் குறை என்றால் என்னால் சொல்லிக்கொடுக்க முடியும். அதற்கு வழிமுறை உண்டு, படிகள் உண்டு. ஆனால் அதிகாரத்தில் இருப்பவர் முன்னால் வார்த்தையைக் குறைப்பதுதான் மரியாதை என்று அவர் உடம்புக்குள் இருப்பதை நான் எப்படித் திருத்துவேன்? தாலுகா ஆபீசிலும், பேங்கிலும், பங்குச் சாமியார் முன்னாலும் அவர் பிழைத்தது அப்படிப் பேசித்தான். அங்கே நீட்டி முழக்கியவனுக்கு ‘எதிர்த்துப் பேசுறான்’ என்ற பெயர்தான் கிடைத்திருக்கும். அவர் அந்தத் தேர்வாளருக்குத் தன்னால் முடிந்த அளவு மரியாதை கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவர்கள் அதற்குப் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள்.

எனக்கும் இது தெரியாத விஷயமல்ல. இங்கே வருடாந்தர மதிப்பீட்டில் மேலாளர், “இந்த வருடம் நீ சாதித்தவற்றைச் சொல்” என்பார். நான் “எல்லாரும் சேர்ந்துதான் செய்தோம்” என்பேன். அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருப்பார். அப்போது என் ஆங்கிலம் முழுவதும் என்னிடம்தான் இருக்கும், சொல்லத்தான் வராது.

5

ஜெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே பள்ளியில் சேர்ந்த புதிதில் அவள் வாயே திறக்கவில்லை. ஆசிரியை, “கவலைப்படாதீர்கள், சேமித்துக்கொண்டிருக்கிறாள்” என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. பனி தொடங்கிய ஒரு காலையில், பள்ளி வாசலில் இன்னொரு பெண்ணிடம், தன் கையுறையைத் திருப்பித் தரும்படி முழு வாக்கியத்தில், இந்த ஊர் இழுவையோடு சண்டை போட்டாள். அன்றோடு அணை திறந்தது. ஒரு பட்டியலும் இல்லை, பயிற்சியும் இல்லை. அவளுக்கு அந்தக் கையுறை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த கோடை வருவதற்குள் என்னிடமும் ஆங்கிலத்தில்தான் பதில். நான் தமிழில் கேட்பேன். அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். தமிழில் சொல் என்றால், கசப்பு மருந்து குடிப்பதுபோல் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். ஆனால் அப்பாவிடம் மட்டும் தமிழ்தான். “அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுல்ல, பாவம்” என்பாள். திரையில் அவர் முகம் வந்ததும் அவள் குரலே மாறும். “அப்பா, சாப்டீங்களா? என்ன கொழம்பு?” என்று தொடங்கிப் பட்டறை வாசல் நாய் வரை விசாரிப்பாள். அவர் கதை சொல்வார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த ஒரு வாசல் திறந்திருக்கும் வரை பயமில்லை என்று இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை எனக்கு அடுப்பில் வேலை இருந்தது. போனை ஜெனியிடம் கொடுத்து, “அப்பாகிட்ட கொஞ்ச நேரம் பேசு, ஆனா இங்கிலீஷ்லதான் பேசணும், அப்பாவுக்குப் பரீட்சை வருது” என்றேன். அவளுக்கு ஒரே உற்சாகம். தலையணைகளை வரிசையாக வைத்து வகுப்பறை அமைத்தாள்.

“அப்பா, வாட் இஸ் தட்?”

“இதுவா ஆத்தா? டீசல் பம்பு.”

“நோ, நோ! இங்கிலீஷ்!”

“சரிங்க டீச்சர். திஸ்... டிராக்டர் நோ கோ.”

“ஒய்?”

“ஏர். ஏர் இன்சைட் டீசல் லைன். டீசல் கமிங், ஏர் சிட்டிங் இன் மிடில். நோ வே!”

“ஏர் கான்ட் சிட், அப்பா!”

“இன் கீரனூர் ஏர் சிட்டிங்! யூ கம் அண்ட் சீ.”

அவள் கத்திச் சிரித்தாள். “தென் வாட்?”

“ஐ லூஸ் ஸ்க்ரூ. ஸ்மால். தென் பம்ப், பம்ப், பம்ப். பபிள் கமிங், பபிள் கமிங். பபிள் ஃபினிஷ். தென் டைட். தென் ஸ்டார்ட்.” டிராக்டர் கிளம்பும் சத்தத்தை வாயாலேயே போட்டார். “டுப், டுப், டுப், டுப்!”

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அவர் இவ்வளவு நேரம் ஆங்கிலத்தில் பேசி நான் கேட்டதில்லை. பல மாதப் பாடத்தில் வராதது ஒரு டீசல் பம்பில் வந்திருந்தது. கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் தொழில் புத்தி இருக்கிறதே. அறைக்குள் போய்த் தலையை நீட்டி, “‘ஏர் சிட்டிங்’ இல்லங்க, மாட்டிக்கிச்சுங்கிறதுக்கு ‘ட்ராப்ட்’னு சொல்லுங்க” என்றேன்.

அவர் முகம் அடங்கியது. “ஓ, நீயும் இருக்கியா” என்றார். பிறகு, “என்ன சமையல்?” என்று தமிழுக்குப் போய்விட்டார்.

நான் சமையலறைக்குத் திரும்பினேன். அதற்கப்புறம் சனிக்கிழமை மதியங்களில் அந்த அறைப் பக்கம் நான் போகவில்லை. அடுத்த முறை நாங்கள் இருவரும் தனியாகப் பேசியபோது அவராகவே சொன்னார்.

“நீ கேக்குறப்போ தப்பாயிருமோ, தப்பாயிருமோன்னு அதுலயே நிக்குது செலினு. அவ கேக்குறப்போ, புள்ளைக்குப் புரியலையேன்னு மட்டும்தான் இருக்கு. எப்படியாச்சும் புரிய வச்சிரணும்னு வருது.”

நான்காண்டுப் படிப்பிலும் அதற்குப் பிறகான வேலையிலும் சரளத்தைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொன்னவருக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, விலகி நிற்பதைத் தவிர.

சமையலறையிலிருந்து கவனித்ததில் சில மாற்றங்கள் தெரிந்தன. சொல் கிடைக்காதபோது முன்பெல்லாம் நின்றுவிடுவார். இப்போது ‘வாட் டு சே, வாட் டு சே’ என்று ஒரு பாலம் போட்டுக்கொண்டு, அதன் மேலேயே நடந்து அக்கரைக்குப் போனார். தெரியாத சொல்லைச் சுற்றி வளைத்தார்: வெண்டைக்காய்க்கு ‘கிரீன் ஃபிங்கர், இன்சைட் கம்’, அதாவது பச்சை விரல், உள்ளே பசை. இலக்கணம் அப்படியே ஓட்டையாகத்தான் இருந்தது. ஆனால் பேச்சு ஓடியது. பின்னணியில் சேகரின் குரல்கூட மாறியிருந்தது. “ஜெனி மேடம், எனக்கும் ஒரு பாடம் போடுங்க, நானும் லண்டன் வாரேன்” என்பான். “யூ சிட், சேகர் மாமா!” என்று இவள் அதட்டுவாள்.

இன்னொன்றும் தெரிந்தது. அப்பாவோடு ஜெனி தமிழில் பேசுவது நின்றிருந்தது. வாரத்தில் சனிக்கிழமை மட்டும் என்று தொடங்கியது எல்லா நாளும் ஆகியிருந்தது. தேர்வு முடியட்டும் என்று விட்டேன். அவர் வந்து சேர்வதுதான் பெரிது. மற்றதை அவர் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

6

இரண்டாவது தேர்வன்று நான் நகரத்துக்கு வெளியே ஒரு நீரேற்று நிலையத்தில் இருந்தேன். சுவர்கள் தடித்த கட்டடம்; போனில் சிக்னல் வராது. சரிபார்க்க வேண்டியதைச் சரிபார்த்தேன். மூடிய வால்வு மூடியிருக்கிறதா என்று மறுபடி போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்ததும் போன் அடித்தது.

“இந்தத் தடவை வேற மேடம்” என்றார். “உள்ள போனதுமே அவங்கள ஜெனின்னு நெனச்சுக்கிட்டேன்.”

“என்ன கேட்டாங்க?”

“அதே கேள்விதான். வேலையப் பத்திச் சொல்லுங்கன்னு. ஏர் அடைச்ச கதையச் சொன்னேன். ‘ஏர் சிட்டிங்’னுதான் சொன்னேன், கோவிச்சுக்காத. டுப் டுப் டுப்னு சத்தம் போட்டேனா, அந்தம்மா சிரிச்சிருச்சு. அப்புறம் நான் நிப்பாட்டவே இல்ல. அவங்கதான் போதும்னு கையக் காட்டுனாங்க.”

சில நாட்களில் தேர்ச்சி என்று வந்தது. ஜெனி பள்ளியில் எல்லாரிடமும், என் அப்பாவுக்கு நான்தான் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறாள். அது உண்மைதான்.

7

விமான நிலையத்தில் அவர் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து அவளைத் தூக்கினார். “ஏ ஆத்தா! எம்புட்டு வளந்துட்ட! அப்பாவ ஞாபகம் இருக்கா?”

அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதருகே சொன்னாள். “அப்பா, யூ கேன் ஸ்பீக் இங்கிலீஷ் நவ். யூ பாஸ்ட்.”

“யெஸ் டீச்சர்” என்றார், பெருமையாக. வண்டியை நான் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

அவர் வந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. பண்ணை இயந்திரங்கள் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. அங்கே எல்லாருக்கும் அவர் ‘ராஜ்’. அவர் ஆங்கிலம் நாளுக்கு நாள் நன்றாகிவருகிறது. என்னைப் போல் அவருக்குள் மொழிபெயர்க்க ஆட்கள் உட்காரவே இல்லை. நேராக வருகிறது, ஓட்டையும் உடைசலுமாக.

வீட்டில் தமிழ் என்று விதி போட்டுப் பார்த்தேன். ஜெனி நிதானமாகக் கேட்டாள், ஆங்கிலத்தில்: “ஏன்? இப்போதுதான் எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுமே?” அதற்கு நான் சொன்ன பதில்கள் எல்லாம் எனக்கே பாடப்புத்தகம் போலிருந்தன. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தேன்; எழுத்து வந்தது, பேச்சு வரவில்லை. இரவு ஜெபம் மட்டும் தமிழில் சொல்கிறாள், நான் பள்ளியில் ஆங்கிலக் கட்டுரை ஒப்பித்தது போல. அவள் அப்பாவிடம் தமிழ் பேசியது அவருக்கு வேறு வழி இல்லை என்பதால். இப்போது அவருக்கு வழி இருக்கிறது.

“நீங்களாச்சும் தமிழ்ல பேசுங்களேன்” என்று அவரிடம் சொன்னேன்.

“பேசுறேன், பேசுறேன்கிறேன். பதிலு அங்கிட்டு இருந்து இங்கிலீஷ்ல வருது. நானும் அதுலயே போயிர்றேன். விடு செலினு. எங்கூடப் பேசுறாளேன்னு இருக்கு எனக்கு.”

நேற்று சாயங்காலம் ஜெனி வீட்டுப்பாடத்தோடு அவரிடம் வந்தாள். அப்பாவோ அம்மாவோ சிறுவயதில் செய்த ஒரு விஷயத்தைக் கேட்டு எழுத வேண்டும். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எங்க ஊர்ல ஈஸ்டர் தேருக்கு ஒரு தடவ என்ன ஆச்சுன்னா...”

“இங்கிலீஷ், அப்பா. நான் கிளாஸ்ல சொல்லணும்” என்றாள். இதை அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

“ஓகே, ஓகே. ஐ வாஸ் ஸ்மால். ஐ ஸ்லீப் இன் ரோப்.”

“இன் எ ரோப்?”

“பிக் ரோப். ஃபார்... வாட் டு சே...” தேர் என்ற சொல்லுக்காக என்னைப் பார்த்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். “யெஸ், சாரியட். சாரியட் ரோப். எவ்ரிபடி லுக்கிங், லுக்கிங். நைட் ஃபுல். மை ஃபாதர் க்ரையிங். மார்னிங் தே ஃபைண்ட்.”

“தென்?”

“தென்... ஃபினிஷ். வெரி ஹேப்பி.”

“தேங்க் யூ, அப்பா.” என் அப்பா ஒருமுறை கயிற்றில் தூங்கினார் என்று ஒரு வரி எழுதினாள். பிழையில்லாத வரி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அவள் விட்டுப்போன பென்சிலை அவர் எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “தேர்வடத்தச் சுருட்டி மலை மாதிரி வச்சிருந்தாங்க செலினு. உள்ளுக்குள்ள குழியா, ஒரு ஆளு சுருண்டு படுக்கலாம். வெளிய வெயிலு, உள்ள நல்லாக் குளுகுளுன்னு இருந்துச்சு. எறங்குனதுதான் தெரியும்...”

இந்தக் கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒலிபெருக்கியில் சாமியார் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, கிணற்றுக்குள் ஆள் இறங்கிப் பார்த்தது, காலையில் வடத்தைப் பிரித்த இளவட்டங்கள் அலறியது, பீட்டர் மாமா அடிக்கக் குச்சியை ஓங்கிவிட்டு அதைப் பிடித்தபடியே உட்கார்ந்து அழுதது என்று ஒவ்வொருவர் குரலிலும் அவர் சொல்வார். நேற்றும் சொன்னார். குரல் மாற்றினார், கை ஆட்டினார், சிரிக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினார். நிறுத்திய இடத்தில் அவர் கண் படிக்கட்டுப் பக்கம் போய் வந்தது.

“அப்புறம்?” என்று நான் கேட்டேன்.